பெயர் திரும்பி வந்தது; சிரிப்பு வரவில்லை

பிழைப்பைத் தேடி வெளியூர் போகிறவர் பெட்டியில் துணிமணி இருக்கும். அம்மா கட்டிக் கொடுத்த ஊறுகாய் இருக்கும். பெட்டியில் வைக்காமலே கூட வருவது ஒன்று உண்டு. அதுதான் தமிழ் சினிமாவின் நகைச்சுவை. பலமனேரில் தக்காளி மண்டியில் கூடை சுமப்பவரும், நெடுஞ்சாலை ஓரத்து ஒர்க் ஷாப்பில் ஸ்பானர் பிடிப்பவரும், ஆபீசில் பேரேடு எழுதுபவரும் ஒருவரையொருவர் தமிழர் என்று கண்டுகொள்ள ஊர்ப் பெயர் கேட்க வேண்டியதில்லை. ஒருவர் வடிவேலு மாதிரி ஒரு வார்த்தையை இழுத்துச் சொன்னால், மற்றவர் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். அறிமுகம் அதோடு முடிந்தது.

அப்படிப்பட்ட ரசிகர்களுக்கு 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி ஒரு சோதனை நாளாயிற்று. அன்றுதான் வடிவேலு நடித்த ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ வெளிவந்தது. பல ஆண்டுகள் காத்திருந்து ஆவலோடு போனவர்கள், கொட்டகையை விட்டு வெளியே வரும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளக் கூச்சப்பட்டார்கள். படம் சரியில்லை என்பது மட்டுமல்ல அவர்கள் வருத்தம். நமக்குச் சொந்தமான ஒன்றை யாரோ எடுத்துக் கெடுத்துவிட்டார்களே என்ற வருத்தம் அது.

நன்றாக ஓடிய நகைச்சுவைப் படத்திற்கு, அல்லது நன்றாகச் சிரிக்க வைத்த பாத்திரத்திற்கு, இரண்டாம் பாகம் எடுத்தால் ஏன் சிரிப்பு வருவதில்லை? விடை தேடிப் பார்ப்பது பயனுள்ளது. ஏனெனில் இதில் நஷ்டப்படுகிறவர் படமுதலாளி மட்டுமல்லர். அன்றாடக் கூலியில் சீட்டு வாங்குகிற ரசிகரும்தான்.

எல்லையோரத்து ரசிகர்

பலமனேர் 1911-க்கு முன்பு வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த ஆண்டில் சித்தூர் ஜில்லா அமைந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போயிற்று. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. பலமனேர் அங்கேயே நின்றது. மாநில எல்லை மாறினாலும் மக்களின் காது மாறவில்லை. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊர் இது. சென்னையிலிருந்து சித்தூர் வழியாக முளபாகல், கோலார் போகும் பெருவழியில் இருப்பதால் மூன்று மாநிலத்து லாரிகளும் இங்கே நின்று போகின்றன.

இப்படிப்பட்ட ஊரில் தமிழ்ப் படம் பார்ப்பது எப்படி? பெரிய நட்சத்திரங்களின் படமானால் தெலுங்கில் குரல் மாற்றி வந்துவிடும். சண்டைக்கு மொழி தேவையில்லை. பாட்டுக்கும் ஓரளவு சமாளிக்கலாம். நகைச்சுவைதான் எல்லைச் சாவடியில் மாட்டிக்கொள்ளும். வடிவேலு பிறந்தது மதுரை. அவர் குரலின் இழுப்பிலும், கெஞ்சலிலும், திடீரென்று வரும் மிடுக்கிலும்தான் பாதிச் சிரிப்பு இருக்கிறது. வேறொருவர் குரலில் தெலுங்கு பேசினால் முகம் மட்டும் இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

எனவே, நல்ல நகைச்சுவைப் படத்தைத் தமிழிலேயே பார்க்க வேண்டுமென்றால் குடியாத்தமோ வேலூரோ போக வேண்டும்; அல்லது பொங்கலுக்கு ஊருக்குப் போகும்வரை பொறுக்க வேண்டும். கைப்பேசி வந்த பிறகு பொறுமை சற்றுக் குறைந்திருக்கிறது. ஆனாலும் குடும்பத்தோடு கொட்டகையில் உட்கார்ந்து நானூறு பேரோடு சேர்ந்து சிரிப்பது வேறு. அறையில் தனியாகக் கைப்பேசியைப் பார்த்துச் சிரிப்பது வேறு. அதற்காக ஒருநாள் வேலையை விட்டு, பஸ் சார்ஜும் சீட்டுக் காசும் கொடுத்துப் போகிறவர் சிரிக்காமல் திரும்பி வந்தால், அந்த ஏமாற்றத்தை வாரக் கடைசியில் பொழுதுபோக்குக்குப் படம் பார்க்கும் பட்டணத்துக்காரர் அளவிட முடியாது.

நாய் சேகர் பிறந்த கதை

நாய் சேகர் என்ற பாத்திரம் பிறந்தது 2006-இல். சுராஜ் இயக்கிய ‘தலைநகரம்’ படத்தில் கதாநாயகன் சுந்தர் சி. கதையில் அவர் அசல் ரவுடி. கத்தியை வைத்துப் பிழைத்தவர், அந்த வாழ்க்கையிலிருந்து விலகப் பார்க்கிறவர். மலையாளத்தில் பிரியதர்ஷன் இயக்கி 1991-இல் வந்த ‘அபிமன்யு’ படத்தைத் தழுவிய கதை; சிரிப்புக்கு இடமில்லாத கதை.

அந்த அசல் ரவுடி நடமாடும் உலகில்தான், ரவுடி என்று பெயர் வாங்கத் துடிக்கும் ஒரு போலி நுழைகிறது. அதுவே நாய் சேகர். போலீஸ் ஜீப்பில் தன்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லி, தானும் ரவுடிதான் என்று மன்றாடும் அந்தக் காட்சியை அறியாத தமிழர் இல்லை. அந்தப் பேச்சே பின்னர் 2015-இல் விஜய் சேதுபதி நடித்த ‘நானும் ரவுடி தான்’ படத்தின் பெயராயிற்று.

அந்தக் காட்சி ஏன் சிரிப்பூட்டியது? போலீசைக் கண்டால் உண்மை ரவுடிகள் ஓடுகிறார்கள். இவர் ஓடிப்போய் ஏறுகிறார். பக்கத்தில் உண்மை இருந்ததால்தான் போலி நகைப்புக்கு ஆளாயிற்று. பத்து நிமிடம் வந்து போனதால்தான் இன்னும் பத்து நிமிடம் இருந்திருக்கக் கூடாதா என்று மனம் ஏங்கியது. இலையில் ஊறுகாய் வைப்பது சோற்றுக்குத் துணையாக. ஊறுகாய் ருசியாக இருக்கிறதே என்று அதையே சோறாக்கிப் படைத்தால் யாரால் சாப்பிட முடியும்?

எதிர்பார்ப்பு வளர்ந்த விதம்

அதே 2006-ஆம் ஆண்டு ஜூலையில்தான் ‘இம்சை அரசன் 23-ம் புலிகேசி’யும் வந்தது. சிம்புதேவன் இயக்கம், டைரக்டர் ஷங்கரின் தயாரிப்பு. வடிவேலு இரட்டை வேடத்தில் கதாநாயகனாகவே நடித்தார். படம் பெரிய வெற்றி. ஒரே ஆண்டில் துணைப் பாத்திரமாகவும் கதாநாயகனாகவும் அவர் உச்சியைத் தொட்டார்.

2011 சட்டமன்றத் தேர்தல் பிரசாரத்திற்குப் பிறகு அவருக்குப் படங்கள் குறைந்தன. 2014-இல் ‘தெனாலிராமன்’, 2015-இல் ‘எலி’ என்று கதாநாயகனாக வந்தவை பழைய உற்சாகத்தைக் கொண்டுவரவில்லை. 2017-இல் புலிகேசியின் இரண்டாம் பாகமாக ‘இம்சை அரசன் 24-ம் புலிகேசி’ அறிவிக்கப்பட்டது. படப்பிடிப்பு தொடங்கி நின்றது. தயாரிப்புத் தரப்புக்கும் நடிகருக்கும் ஏற்பட்ட பிணக்கு தயாரிப்பாளர் சங்கம் வரை போய், 2021-இல்தான் தீர்ந்தது. இருபத்து நான்காம் புலிகேசி அரியணை ஏறவேயில்லை.

திரையில் அவர் இல்லாத அந்த ஆண்டுகளில்தான் வேடிக்கை நடந்தது. மக்கள் அவரை மறக்கவில்லை. முன்னைவிட அதிகமாகப் பேசினார்கள். 2001-இல் சித்திக் இயக்கிய ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் அவர் ஏற்ற காண்டிராக்டர் நேசமணி பாத்திரத்திற்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்ற கேலிப் பேச்சு, 2019 மே மாதக் கடைசியில் உலகெங்கும் பரவியது. பதினெட்டு ஆண்டுக்கு முந்தைய படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த ஒருவருக்காக, தமிழ் அறியாதவர்கள்கூட நலம் விசாரித்தார்கள்!

சிக்கல் தீர்ந்து அவர் மீண்டும் நடிக்க வருகிறார், அதுவும் நாய் சேகராக, அதுவும் சுராஜ் இயக்கத்தில் என்றதும் ரசிகர்கள் மனக்கோட்டை கட்டியதில் வியப்பென்ன? ‘நாய் சேகர்’ என்ற பெயரை, 2022 ஜனவரியில் சதீஷ் கதாநாயகனாக நடித்து வந்த வேறொரு படம் முன்னதாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே பெயரோடு ‘ரிட்டர்ன்ஸ்’ சேர்ந்தது. பாத்திரத்தை உலகறியச் செய்தவருக்கே அதன் பெயர் முழுதாகக் கிடைக்காமற் போனது ஒரு முரண்தான்.

வந்தது வேறு சேகர்

படத்தில் நாய் சேகர், பணக்காரர் வீட்டு நாய்களைக் கடத்தும் கூட்டத்தின் தலைவர். சிறுவயதில் தன் குடும்பத்திற்கு அதிருஷ்டம் கொண்டுவந்த நாய் களவு போய்விட, அதைத் தேடி ஐதராபாத் வரை போகிறார். ஆனந்தராஜ், முனீஷ்காந்த், ரெடின் கிங்ஸ்லி, தெலுங்கு நடிகர் ராவ் ரமேஷ் என்று ஆள்களுக்குக் குறைவில்லை. லைகா போன்ற பெரிய நிறுவனம் தயாரித்ததால் பணத்துக்கும் குறைவில்லை. சந்தோஷ் நாராயணன் இசையில் வடிவேலுவே பாடினார்.

குறை எங்கே? 2006-இல் இருந்த சேகருக்கும் 2022-இல் வந்த சேகருக்கும் பெயரைத் தவிர உறவில்லை. முதல் சேகர் ரவுடி அல்ல, ரவுடியாகப் பார்க்கிறவர். அடி வாங்கியும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பவர். நம் தெருவிலும் ஆபீசிலும் அப்படிப்பட்ட வீரர்கள் உண்டு என்பதால் அவரைக் கண்டு சிரித்தோம். நமக்குள்ளும் அவர் கொஞ்சம் இருக்கிறார் என்பதால் அவரை நேசித்தோம். இரண்டாவது சேகருக்கோ கூட்டம் உண்டு, பணம் உண்டு, படையெடுப்பு உண்டு. அவர் கதாநாயகன். எல்லோரும் கோமாளிகளாக இருக்கும் ஊரில் கோமாளி எப்படித் தனித்துத் தெரிவார்? நிமிர்ந்து நிற்கிற ஒருவர் பக்கத்தில் இருந்தால்தானே தடுக்கி விழுகிறவரைப் பார்த்துச் சிரிக்க முடியும்?

ஜோடி பிரிந்தது

இதற்கு ஆறு மாதம் கழித்து மற்றொரு வேடிக்கையும் நடந்தது. 2023 ஜூன் 23-ஆம் தேதி ‘தலைநகரம் 2’ வந்தது. சுந்தர் சி மீண்டும் அதே முன்னாள் ரவுடியாக வந்தார், இயக்கியவர் வி. இசட். துரை. இதில் நாய் சேகர் இல்லை.

கணக்கைக் கவனிக்க வேண்டும். 2006-இல் ஒரே படத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். 2022-இல் சிரிக்க வைத்தவர் தனியாக வந்தார்; 2023-இல் நிமிர்ந்து நின்றவர் தனியாக வந்தார். மாட்டு வண்டியின் ஒரு சக்கரம் ஒரு தெருவிலும் மறு சக்கரம் மறு தெருவிலும் உருண்டது போலாயிற்று. இரண்டுமே முதல் படம் போல் மக்கள் வாயில் நிற்கவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி ‘சந்திரமுகி 2’ வந்தது. 2005-இல் வந்த ‘சந்திரமுகி’ தெலுங்கிலும் பெரு வெற்றி பெற்றதால் பலமனேர்க்காரர்களுக்கு அது இருமொழிச் சொத்து. பேய்ப் படம்தான், ஆனாலும் பலருக்கு நினைவில் நிற்பது ரஜினிகாந்தும் வடிவேலுவும் சேர்ந்து வரும் காட்சிகளே. பேய்க்குப் பயந்து நடுங்கும் முருகேசன் பக்கத்தில், பேய்க்கு அஞ்சாத ஒருவர் குறும்புச் சிரிப்போடு நின்றார். அச்சம் இரட்டித்தது, சிரிப்பும் இரட்டித்தது. இரண்டாம் பாகத்தில் டைரக்டர் பி. வாசு இருந்தார், முருகேசனாக வடிவேலுவும் இருந்தார். அந்த ஜோடி மட்டும் இல்லை. ராகவா லாரன்ஸ் எவ்வளவோ உழைத்தும் பழைய சிரிப்பு பிறக்கவில்லை.

வடிவேலுவுக்கு வயதாகிவிட்டது, சரக்குத் தீர்ந்துவிட்டது என்று சிலர் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறினார்கள். ‘தலைநகரம் 2’ வந்து ஒரு வாரம்கூட ஆகாமல், 2023 ஜூன் 29-ஆம் தேதி மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ வந்து அந்த வாயை அடைத்தது. சிரிக்கவே சிரிக்காத வேடம். அவமானத்தை விழுங்கிக்கொண்டு வாழ்ந்த ஒரு தந்தையின் வேடம். பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள். ஆக, நடிகரிடம் குறையில்லை. பழைய சட்டையைப் புதிய உடம்புக்கு மாட்டிவிட்டதே குறை.

கட்டியக்காரன் கற்றுத் தரும் பாடம்

பழையதைத் திரும்பச் செய்தாலே சிரிப்பு வராது என்று முடிவு கட்டுவதும் தவறு. சித்தூர் ஜில்லாவிலும் பழைய வட ஆற்காட்டிலும் தருமராஜர், திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து நடக்கிறது. ஆண்டுதோறும் அதே பாரதம், அதே துரியோதனன், கடைசி நாளில் அதே முடிவு. யாருக்கும் கதை தெரியாமல் இல்லை. ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டியக்காரன் வாயைத் திறந்தால் சிரிக்கிறார்கள்.

காரணம் இரண்டு. முதலாவது, கட்டியக்காரன் தனியாக வருவதில்லை. கிரீடம் வைத்த ராஜா பக்கத்தில் இருக்கிறார். ராஜாவின் மிடுக்கு எவ்வளவு உயர்கிறதோ, அவ்வளவுக்குக் கட்டியக்காரனின் கேலியும் உயர்கிறது. ராஜாவை அனுப்பிவிட்டுக் கட்டியக்காரனை மட்டும் விடிய விடிய ஆடச் சொன்னால், நடுச்சாமத்திலேயே பாயைச் சுருட்டிக்கொண்டு கூட்டம் போய்விடும்.

இரண்டாவது, கதை பழசானாலும் கேலி அன்றைக்குப் பிறந்தது. அந்த ஊர்த் தண்ணீர்க் குழாய், அந்த ஆண்டு மழை, முன்வரிசையில் தூங்குகிற பெரிய மனிதர் எல்லாம் அவன் பேச்சில் வந்து விழும். சினிமாவின் இரண்டாம் பாகங்கள் செய்வது நேர்மாறு. கதையைப் புதிதாக்குகிறார்கள், கேலியைப் பழையதாகவே வைக்கிறார்கள். முதல் படத்தில் எங்கே சிரித்தோமோ அதே இடத்தைக் காட்டி, ‘இங்கே சிரியுங்கள்’ என்கிறார்கள். சொல்லிச் சிரிக்க வைக்க, சிரிப்பென்ன சர்க்கார் உத்தரவா?

மற்ற மொழிகளிலும் இதே கதை

இது தமிழருக்கு மட்டும் வந்த வினையல்ல. தெலுங்குக்காரர்களைக் கேட்டால் ‘மன்மதுடு’ கதையைச் சொல்வார்கள். 2002-இல் நாகார்ஜுனா நடித்து வந்த அந்தப் படத்துக்கு எழுதியவர் திரிவிக்ரம். ஒவ்வொரு பேச்சும் குத்தூசி போல் இருக்கும். இன்றும் பேசிச் சிரிக்கிறார்கள். 2019-இல் ‘மன்மதுடு 2’ வந்தது. அதே நாகார்ஜுனா, அதே பெயர். எழுத்து மட்டும் திரிவிக்ரமுடையது அல்ல. கதையோ பிரெஞ்சுப் படம் ஒன்றிலிருந்து வந்தது. பெயரைக் கண்டு போனவர்கள் பெருமூச்சோடு திரும்பினார்கள்.

வடக்கே பஞ்சாபிலும் அப்படித்தான். சமீப் காங் இயக்கி, கிப்பி கிரேவால் நடித்த ‘கேரி ஆன் ஜட்டா’ 2012-இல் வந்தது. ஒரு பொய்யை மறைக்க மற்றொரு பொய், அதை மறைக்க இன்னொன்று என்று ஓடும் கதை. பஞ்சாபியர் உள்ள நாடெங்கும் ஓடியது. 2018-இல் இரண்டாம் பாகமும், ‘மாமன்னன்’ வந்த அதே 2023 ஜூன் 29-ஆம் தேதி மூன்றாம் பாகமும் வந்தன. வசூலுக்குக் குறைவில்லை, ஆயினும் முதல் படத்தில் சிரித்த சிரிப்பு இல்லை என்ற முணுமுணுப்பு பழைய ரசிகர்களிடம் இருந்தது. இந்தப் படங்களில் வக்கீல் தில்லானாக வந்து குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைத்த ஜஸ்விந்தர் பல்லா, லூதியானா விவசாயப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் 2025 ஆகஸ்டில் காலமானார். இனி எத்தனையாம் பாகம் எடுத்தாலும் அந்த வக்கீலுக்கு எங்கே போவார்கள்?

வசூலும் சிரிப்பும் வேறு வேறு என்பது இதிலிருந்து விளங்கும். முதல் நாள் கூட்டம் முதல் படத்துக்குச் சேர வேண்டிய கூட்டம். இரண்டாம் பாகம் அதைக் கடனாக வாங்குகிறது. கடனைத் திருப்பாவிட்டால் அடுத்த முறை நல்ல படம் வந்தாலும் ரசிகர் நம்பமாட்டார்.

பெயரைப் பார்க்காதீர், ஆளைப் பாருங்கள்

2025 ஏப்ரலில் சுந்தர் சி இயக்கி நடித்த ‘கேங்கர்ஸ்’ வந்தது. வடிவேலு அதில் சிங்காரம் என்ற புதுப் பெயரில் வந்தார். ‘தலைநகரம்’ என்ற பெயர் இல்லை. நாய் சேகரும் இல்லை. இரண்டு, மூன்று என்ற எண்ணும் இல்லை. பழைய ஜோடி மட்டும் திரும்பியிருந்தது. படம் முழுவதும் சிரிப்பு என்று சொல்ல முடியாவிட்டாலும், அந்த இருவரும் சேர்ந்து நின்ற இடங்களில் ‘பரவாயில்லை, நம்ம ஆள் இருக்கிறார்’ என்று ரசிகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெயரைக் கொண்டுவந்தபோது கிடைக்காத சிரிப்பு, ஜோடியைக் கொண்டுவந்தபோது சற்றேனும் கிடைத்தது. படமுதலாளிகள் கவனிக்க வேண்டிய பாடம் இது.

ரசிகர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. இரண்டாம் பாகம் என்றதும் ஒருநாள் கூலியை முடிந்துகொண்டு பஸ் ஏறுவதற்கு முன், மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம். முன்பு எழுதியவர் இதிலும் இருக்கிறாரா? முன்பு பக்கத்தில் நின்றவர் இதிலும் நிற்கிறாரா? முன்பு போலவே இவர் நம்மைப் போன்ற எளியவராக வருகிறாரா, அல்லது வீரதீர நாயகராகிவிட்டாரா? மூன்றுக்கும் இல்லை என்ற பதில் வந்தால், நாலு நாள் பொறுத்து, பார்த்தவரை விசாரித்துவிட்டுப் போவது பைக்கும் மனத்துக்கும் நல்லது. மண்டியில் தக்காளிக் கூடை வாங்குகிறவர் மேலே இருக்கும் நாலு பழத்தை மட்டுமா பார்க்கிறார்? அடியில் கையை விட்டுப் பார்க்கிறாரல்லவா?

பிழைக்க வந்த ஊரில் தாய்மொழியில் அழுவதற்குச் சில சமயம் ஆள் கிடைக்கும். தாய்மொழியில் சிரிப்பதற்கு ஆள் கிடைப்பது அரிது. ஆகவே நகைச்சுவை நடிகர் வெளியூர்த் தமிழருக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்லர், உறவினர் மாதிரி. நெடுநாள் கழித்து வரும் உறவினர் வேற்று ஆளாக வந்து நின்றால் வருத்தம் வராமல் இருக்குமா? ஆனால் ஒன்று. 2006-இல் ஜீப்பில் ஏறிய நாய் சேகர் இன்னும் அதே ஜீப்பில்தான் இருக்கிறார். எத்தனை பாகம் வந்தாலும் அவரை யாரும் இறக்கிவிட முடியாது.